வீழ்ந்த கழகங்களின் கதை – 9: கோவையில் ஒரு மாலை, கோலாலம்பூரில் ஒரு தீர்மானம்

1946-ஆம் ஆண்டில் நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப் என்ற பெயருடன் சென்னையில் பிறந்த ஒரு சிறு கழகம், எழுபது ஆண்டுகள் உள்ளூர் ஆட்டங்களில் காலம் தள்ளிவிட்டு, சென்னை சிட்டி என்ற புதுப் பெயரைச் சூட்டிக்கொண்டு, 2016-17 பருவத்தில் ஐ-லீக் என்னும் தேசிய அரங்கில் நேரடி அனுமதி பெற்று நுழைந்ததையும், மறுபருவமே சென்னையை விட்டுக் கோயம்புத்தூருக்குக் குடிபெயர்ந்ததையும், அங்கே பட்டியலின் அடிவாரத்துக்கு அருகில் மூச்சுத் திணறிக் கரையேறியதையும் சென்ற வாரம் பார்த்தோம்.

அந்தப் பருவத்தில் நடுக்களத்தில் ஜொலித்த கன்னியாகுமரி மாவட்டத்து மைக்கேல் சூசைராஜ் ஜம்ஷெட்பூருக்குப் போய்விட்டார். சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸ் பயிற்சியாளராக இருந்தார். ஸ்பெயின் நாட்டின் கீழ்த்தட்டு லீக்குகளில் ஆடிக்கொண்டிருந்த, இங்கே எவரும் பெயர்கூடக் கேட்டறியாத நால்வர் கோவையில் வந்து இறங்கினர். கதையை அங்கே நிறுத்தியிருந்தோம்.

இனி நாம் சொல்லப் புகுவது, அந்தக் கழகத்தின் வாழ்நாளிலேயே உன்னதமான ஒரு மாலையையும், அதற்கு ஏழு மாதம் கழித்து அதே கழகம் ஒரு பந்தைக்கூடத் தவறவிடாமல் ஒரு படி கீழே இறங்கிய விசித்திரத்தையும் பற்றியது.

*

சீனி டப்பாவின்மேல் ஒரு மைதானம்

2019 மார்ச் 9-ஆம் தேதி மாலையை நான் கோயம்புத்தூரில் இருந்து பார்க்கவில்லை. வங்கக் கடலுக்கு அப்பால், அப்போது போர்ட் பிளேர் என்றும் இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்றும் வழங்கப்பெறும் ஊரில், அபர்தீன் பஜார் மணிக்கூண்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், இராமநாதபுரத்துக்காரர் ஒருவர் நடத்தும் டீக்கடையின் பெஞ்சில் இடித்துப் பிடித்து உட்கார்ந்துகொண்டு, சீனி டப்பாவின்மேல் சாய்த்து வைத்திருந்த ஒரு கைப்பேசியின் வழியாகப் பார்த்தேன்.

பார்த்தேன் என்பதும் சற்று மிகையே. அந்நாளில் இந்த அந்தமான் தீவுகளுக்கு வெளியுலக இணையத் தொடர்பு முழுவதும் செயற்கைக்கோள் வழியாகவே வந்துகொண்டிருந்தது. ஆகையால் பந்து ஒருவன் காலிலிருந்து புறப்பட்டால், அது மற்றொருவன் காலைச் சேர்வதற்குள் நடுவழியில் ஒரு வட்டம் சுற்றிச் சுற்றி வரும். வட்டம் நின்று படம் மீளும்போது பந்து வேறெங்கோ இருக்கும். இடையில் நடந்ததை அவரவர் கற்பனையால் இட்டு நிரப்பிக்கொள்ள வேண்டும்.

இன்னொரு விசேஷமும் உண்டு. கோயம்புத்தூருக்கும் எங்களுக்கும் கடிகாரம் ஒன்றுதான், சூரியன்தான் வேறு. கோவையில் வெயில் இன்னும் புல்தரையில் சாய்ந்துகிடக்கையிலேயே, இங்கே ஐந்தரை மணிக்குள் கதிரவன் கடலில் அமிழ்ந்துவிடுவான். அந்த ஆட்டத்தின் முதற்பாதி முடிவதற்குள் எங்கள் சந்தில் இருட்டு இறங்கி, கடைக்காரர் விளக்கைப் போட்டு, ஊதுவத்தியும் ஏற்றிவிட்டார். கைப்பேசியினுள்ளே மட்டும் ஒரு சிறு சதுரப் பகல் மிச்சமிருந்தது.

பெஞ்சில் நாங்கள் ஐவர். ஹாடோ துறைமுகத்தில் கலாசியாக உழைத்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், அரசாங்க வேலை கிடைத்துத் தீவுக்கு வந்திருந்த கோயம்புத்தூர் இளைஞன் ஒருவன், பள்ளி ஆசிரியர் ஒருவர், நான். ஐந்தாமவன் வங்காளி. தேசப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்து, 1949 முதல் இத்தீவுகளில் நிலம் பெற்றுக் குடியேறிய குடும்பங்களில் ஒன்றன் பேரன். பரம்பரையாக ஈஸ்ட் பெங்கால் கழகத்தின் அபிமானி.

அவன் அங்கே உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் இருந்தது. அன்றைக்குக் கோப்பை யாருக்கு என்பது சென்னை சிட்டிக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும் இடையில்தான் தீர வேண்டியிருந்தது.

*

ஒரு புள்ளி

19 ஆட்டங்கள் முடிந்த நிலையில் சென்னை சிட்டி 40 புள்ளி. ஈஸ்ட் பெங்கால் 39. கடைசி ஆட்டத்தில் சென்னை சிட்டி கோவையில் மினர்வா பஞ்சாபை எதிர்த்தது. அதே வேளையில் ஈஸ்ட் பெங்கால் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவை எதிர்த்தது. சென்னை சிட்டி ஜெயித்தால் வேறு பேச்சே இல்லை. சமனில் முடித்தாலோ, கோழிக்கோட்டில் வங்காளிகள் ஜெயித்துவிட்டால், 2003-04க்குப் பிறகு பதினைந்து ஆண்டுகளாக அவர்கள் ஏங்கிக் கிடந்த தேசியப் பட்டம் ஒரே புள்ளி வித்தியாசத்தில் கொல்கத்தாவுக்குப் போய்விடும்.

ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களுக்குள் மினர்வா ஒரு கோல் போட்டுவிட்டது.

கோயம்புத்தூர் இளைஞன் கைப்பேசியைத் திருப்பி வைத்துவிட்டான். கலாசிப் பெரியவர் அதை மறுபடி நிமிர்த்தி வைத்து, "பாதிக் கடல் தாண்டினப்புறம் கப்பலைத் திருப்புவாங்களா, தம்பி?" என்றார். முதற்பாதி அப்படியே முடிந்தது.

இரண்டாம் பாதியில் சென்னை சிட்டிக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. அந்தப் பருவம் முழுவதும் எதிரிகளின் வலைகளைத் துளைத்துக்கொண்டிருந்த பெத்ரோ மான்சி பந்தைக் கையில் எடுத்து வந்து புள்ளியில் வைத்தார். அந்தப் பருவத்தின் முடிவில் அவர் கணக்கில் சேர்ந்த 21 கோல்களில் அதுவும் ஒன்று. ஆயினும் அன்று எங்கள் கைப்பேசியில் அவர் ஓடத் தொடங்கியதும் வட்டம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. அந்த வட்டம் எத்தனை நொடி சுற்றிற்றோ அறியேன். அது நின்றபோது சென்னை சிட்டிக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்துகொண்டிருந்தனர்.

கோப்பையைக் கொண்டுவந்தவர் முன்வரிசைக்காரர் எவருமல்லர். தற்காப்பில் நிற்கவேண்டிய கௌரவ் போரா. அவரே இரண்டாவது கோலைப் போட்டார். ஆட்டத்தின் கடைசி மூச்சில் மூன்றாவதையும் அவரே போட்டார். 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் முதலில் பின்தங்கிப் பிறகு 2-1 என்று ஜெயித்திருந்தும் அதனால் பயனில்லை. 43 புள்ளிக்கு 42.

தமிழ்நாட்டுக் கழகம் ஒன்று ஐ-லீக்கை வென்றது அதுவே முதல் தடவை. எங்கள் வங்காளி நண்பன் எழுந்து, எல்லோர் டீக்கும் தானே காசு கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் இருட்டுக்குள் நடந்து போனான். தோற்ற வீட்டார் பந்தி பரிமாறியதை நான் கண்டது அந்த ஒரு நாள்தான்.

*

வெற்றியின் விலை

வெற்றி பெற்றவனுக்குக் கணக்குப் பார்க்கும் புத்தி வருவதில்லை; வந்தாலும் கூட இருப்பவர்கள் பார்க்க விடுவதில்லை. ஆனால் சரித்திரம் எழுதுகிறவன் கைத்தட்டல் ஓய்ந்த பிறகு மைதானத்தில் நின்று, சிதறிக் கிடக்கும் சீட்டுத் துண்டுகளைப் பொறுக்கிப் பார்க்கக் கடமைப்பட்டவன்.

ஐ-லீக்கில் முதலிடம் பெற்ற கழகத்துக்குப் பரிசுத் தொகை அப்போது 1 கோடி ரூபாய். ஒரு பருவத்தில் அந்தக் கழகம் செல்லவேண்டிய ஊர்களையோ நினைத்துப் பாருங்கள்: ஸ்ரீநகர், ஐஸ்வால், இம்பால், ஷில்லாங், கொல்கத்தா, கோவா. முப்பது பேருக்குக் குறையாத ஒரு கூட்டம் விமானம் ஏற வேண்டும். விடுதியில் தங்க வேண்டும். ஸ்பெயினிலிருந்து வந்தவர்களுக்கும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கும் மாதம் பிறந்தால் சம்பளம் தர வேண்டும்.

வரவோ பெரும்பாலும் மூன்று வழியில்தான் வர முடியும்: நுழைவுச் சீட்டு, விளம்பரதாரர், வளர்த்த ஆட்டக்காரனை வேறு கழகத்துக்கு மாற்றுவதால் கிடைக்கும் தொகை. கோவைக்கு வந்து இரண்டே பருவமான கழகத்துக்கு வழிவழியாக வரும் ரசிகர் கூட்டம் இல்லை. பருவத்தின் நடுவிலேயே ஒளிபரப்பு நிறுவனம் நேரலையாகக் காட்டும் ஐ-லீக் ஆட்டங்களின் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டபடியால், விளம்பரதாரரிடம் போய்ச் சொல்லிக்கொள்ளவும் பெரிதாக ஒன்றுமில்லை. இம்மூன்றும் போதாதபோது எஞ்சியிருப்பது உடைமையாளரின் சட்டைப்பை ஒன்றே.

இந்தியக் கால்பந்தில் இது புதுக் கதையன்று. முதல் தேசிய லீக்கை 1996-97ல் வென்ற ஜே.சி.டி. கழகத்தை அதன் ஆலைக்காரர்களே 2011ல் மூடினார்கள். 2005-06ல் பட்டம் வென்ற மஹிந்திரா யுனைடெட் அதற்கு ஓராண்டு முன்பே கலைக்கப்பட்டது. தோல்வி கண்டு மூடிய கழகங்கள் அல்ல இவை. பட்டம் வென்ற கழகங்கள். ஒரு கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் செலவினம் என்ற தலைப்பின்கீழ் எழுதப்பட்ட கழகத்தைச் சிவப்பு மையால் அடிப்பதற்கு ஒரு கணம் போதும்.

சென்னை சிட்டிக்கு ஒரு நம்பிக்கைக் கீற்று மட்டும் அப்போது தென்பட்டது. பட்டம் கிட்டுவதற்கு முன்னரே, ஸ்விட்சர்லாந்தின் புகழ்பெற்ற எஃப்.சி. பாசல் கழகம், சென்னை சிட்டியின் 26 சதவீதப் பங்குகளை எடுத்துக்கொள்வதாக அறிவித்திருந்தது. ஐரோப்பாவின் பெரிய மேடைகளில் ஆடிய ஒரு கழகம் கோவையின் வாசற்படியில் வந்து நின்றது கண்டு, இனிக் கடன் என்ன, கவலை என்ன என்று அபிமானிகள் எண்ணியதில் ஆச்சரியமில்லை.

ஆனால் கால் பங்கு என்பது கால் பங்குதான். மிச்சம் முக்கால் பங்கின் பாரத்தையும், எந்தப் படியில் நின்றுகொண்டு அதைச் சுமப்பது என்பதையும், கோவையோ பாசலோ தீர்மானிக்கவில்லை.

*

இரண்டு வாசல் வைத்த வீடு

இந்த இடத்தில் நாம் ஒன்பது ஆண்டு பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

2010 டிசம்பர் 9-ஆம் தேதி, அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு, ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸ் என்ற கூட்டு நிறுவனத்துடன் 15 ஆண்டுகளுக்கு, 700 கோடி ரூபாய்க்கு, தன் வணிக உரிமைகளைக் குறித்து ஒப்பந்தம் செய்துகொண்டது. அந்த ஒப்பந்தத்தின் வயிற்றில் பிறந்ததே 2014 அக்டோபரில் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக். எட்டு நகரம், எட்டுக் குழு, திரை நட்சத்திரங்கள், கிரிக்கெட் வீரர்கள், வாணவேடிக்கை என்று ஆரம்பமான அந்தக் கேளிக்கையை, ஐ-லீக்காரர்கள் முதலில் திருவிழாக் கடை என்றுதான் எண்ணினார்கள். திருவிழா முடிந்ததும் கடையைக் கட்டிக்கொண்டு போய்விடுவார்கள், ஊர்ச் சந்தை நம்முடையது என்று நினைத்தார்கள்.

கடை கட்டப்படவில்லை. 2017ல் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு இரண்டு லீக்குகளும் ஒரே வேளையில் நடப்பதற்குச் சம்மதித்தது. ஐ-லீக்கை இருமுறை வென்றிருந்த பெங்களூரு எஃப்.சி. புது வாசல் வழியே உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. வீடு ஒன்று, வாசல் இரண்டு என்ற நிலைமை ஏற்பட்டது.

அந்தப் புது வாசலில் நுழைய அப்போது ஆடி ஜெயித்தால் போதாது. ஆண்டுதோறும் பங்கேற்புக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. அது 15 கோடி ரூபாய் அளவில் என்று பத்திரிகைகள் எழுதின. பழைய வாசலில் முதலாவதாக நின்றவனுக்குக் கிடைத்த பரிசு 1 கோடி. புது வாசலில் கடைசியாக நிற்கவும் தேவைப்பட்ட காசு 15 கோடி. இவ்விரண்டு எண்களையும் அடுத்தடுத்து எழுதிப் பார்த்தால், சென்னை சிட்டியின் வீழ்ச்சிக்குக் காரணம் தேடுகிறவன் அதிக தூரம் போக வேண்டியதில்லை.

சென்னையிலேயே, சென்னையின் எஃப்.சி. என்று ஒரு கழகம் புது வாசலுக்குள்ளிருந்து இரண்டு முறை பட்டம் வென்றிருந்தது. ஊர்ப் பெயரைத் தாங்கிய இரு கழகங்கள். ஒன்றுக்கு ஊரே மைதானம், மற்றொன்றுக்கு ஊர்ப் பெயர் மட்டும் சட்டையில்.

*

கோலாலம்பூர், அக்டோபர் 14

பட்டம் வென்ற நான்காம் மாதம், 2019 ஜூலையில், கால்பந்துக் கூட்டமைப்பின் செயற்குழு சூப்பர் லீக்கையே நாட்டின் முதல் லீக்காக அங்கீகரிக்க வேண்டுமென்று ஆசியக் கூட்டமைப்புக்குச் சிபாரிசு செய்ய முற்பட்டது. ஐ-லீக் கழகங்கள் கூச்சலிட்டன. மேல்முறையீடு செய்யப்போவதாக எச்சரித்தன.

அக்டோபர் 14-ஆம் தேதி, ஆசியக் கூட்டமைப்பின் தலைமையகம் அமைந்த கோலாலம்பூரில், அதன் பொதுச் செயலாளர் விண்ட்ஸர் ஜான் முன்னிலையில், எல்லாத் தரப்பாரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தார்கள். கூட்டத்தின் முடிவில் ஒரு வழிவரைபடம் வெளிவந்தது. அந்த மாதக் கடைசியில் வியட்நாமின் தா நாங் நகரில் கூடிய ஆசியச் செயற்குழு அதற்கு முத்திரையிட்டது.

அதன் சாரம் இது. 2019-20 முதல் சூப்பர் லீக்கே முதல் லீக். ஐ-லீக் இரண்டாம் தட்டு. 2022-23 பருவம் முதல் ஐ-லீக்கில் வெல்கிற கழகம், உரிம நிபந்தனைகளை நிறைவேற்றினால், கட்டணமின்றி மேலே ஏறலாம். இரு திசையிலும் ஏறி இறங்கும் முழு ஏற்பாடு 2024-25ல் என்று குறிக்கப்பட்டது.

நிதானமாகப் பாருங்கள். வழக்கமாக ஒரு கழகம் கீழிறங்குவது, பருவ முடிவில், பட்டியலின் கடைசியில் நின்று, தன் ரசிகர்கள் கண்ணீர் வடிக்க, தோற்றுத்தான். சென்னை சிட்டியோ பட்டியலின் உச்சியில் நின்றபடியே இறங்கிற்று. மாடியில் நின்றவனை எவரும் தள்ளவில்லை. மாடிக்கு மேல் இன்னொரு மாடி எழுப்பிவிட்டு, நீ நிற்பது இனிக் கீழ்த்தளம் என்று அறிவித்துவிட்டார்கள்.

மூன்றாண்டு பொறுத்தால் ஏணி வரும் என்றார்கள். மூன்றாண்டு பொறுப்பதற்கான காசு எங்கிருந்து வரும் என்பதை அந்த வரைபடத்தில் எவரும் குறிக்கவில்லை.

*

மழையில் ஒரு வாதம்

அந்தச் செய்தி எங்கள் டீக்கடைக்கு வந்தது, ஐப்பசி மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில். அதே ஐவர். வங்காளி நண்பன் மார்ச் மாதத்துத் துயரத்தை மறந்து, அல்லது மறந்ததுபோல், மறுபடி வந்து சேர்ந்திருந்தான். போர்ட் பிளேர்க்காரர்கள் பலரையும்போல இந்தியும் தமிழும் கலந்து பேச்சு நடந்தது.

கோயம்புத்தூர் இளைஞன் முதலில் வெடித்தான். "கோப்பை நம்மளுதுங்க. தோத்தா கீழ போறது நியாயம். ஜெயிச்சவனைக் கீழ அனுப்பறது எந்த ஊரு நியாயங்க? காசு இருக்கறவன் ஒரு பக்கம், கால் இருக்கறவன் ஒரு பக்கம்னு பிரிச்சுட்டாங்க!"

வங்காளி தலையசைத்தான், ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை. அவனுடைய கழகத்திலும் முந்திய ஆண்டுதான் க்வெஸ் என்ற கம்பெனி 70 சதவீதப் பங்கோடு உள்ளே வந்திருந்தது. "அண்ணா, காசு உள்ளே வர்றது தப்பில்லை. எங்க கழகத்துலயும் வந்துச்சு. நாளைக்கே அவங்க போனாலும் போவாங்க. ஆனா என் பெரியப்பா கொல்கத்தாவுல உறுப்பினர். வருஷச் சந்தா கட்டின சீட்டு வச்சிருக்காரு. கூட்டம் போட்டா எழுந்து நின்னு திட்டுவாரு. உங்க கழகத்துல எழுந்து நின்னு திட்டுற உரிமை யாருக்கு இருக்கு?"

அந்தக் கேள்விக்கு இளைஞனிடம் பதில் இல்லை. அவன் பணம் கொடுத்துச் சட்டை வாங்கியிருந்தான், சீட்டு வாங்கியிருந்தான், சீட்டின் பின்புறத்தில் அவனுக்கு எந்தப் பாத்தியதையும் எழுதப்பட்டிருக்கவில்லை.

அப்போதுதான் ஆசிரியர், அபர்தீன் என்ற பெயருள்ள மற்றொரு ஊர் இருக்கும் நாட்டின் கதையை எடுத்தார். ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோ நகரத்து ரேஞ்சர்ஸ் கழகம், 2011ல் ஒரே ஒரு பவுனுக்குக் கைமாறி, வரிப் பாக்கியில் மூழ்கி, 2012 பிப்ரவரியில் கடன்பட்டோர் நிர்வாகத்தின்கீழ்ப் போய், அதை நடத்திய கம்பெனி கலைப்புக்கு உள்ளானது. புதுக் கம்பெனியின் கீழ் அதை மேல் லீக்கிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று மற்றக் கழகங்கள் வாக்களிக்க நேர்ந்தது. ரேஞ்சர்ஸ் இல்லாவிட்டால் ஒளிபரப்புப் பணம் குறையும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆயினும் அபர்தீன் உள்பட ஊர் ஊராக ரசிகர்கள், ஏமாற்றினவனுக்கு மன்னிப்புக் கொடுத்தால் நாங்கள் சீட்டு வாங்க மாட்டோம் என்று தத்தம் கழகத் தலைவர்களின் கழுத்தில் கத்தி வைத்தார்கள். 2012 ஜூலை 4 அன்று பத்துக் கழகங்கள் வேண்டாம் என்றன. ரேஞ்சர்ஸ் நான்காம் தட்டுக்கு இறங்கியது.

"இறங்கினப்புறம் என்ன ஆச்சுன்னு கேளுங்க" என்றார் ஆசிரியர். "நான்காம் தட்டுல சொந்த மைதானத்துல ஆடின முதல் லீக் ஆட்டத்துக்கு 49,118 பேர் வந்தாங்க. எதிர்த்து ஆடினது ஈஸ்ட் ஸ்டர்லிங்ஷைர்னு ஒரு சின்னஞ்சிறு கழகம்."

சிறிது நேரம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. 49,118 என்ற எண்ணை அவரவர் மனத்தில் தம் தம் மைதானத்தின் படிக்கட்டுகளில் உட்காரவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம் போலும். எங்கள் ஊர் நேதாஜி ஸ்டேடியத்தில் உட்கார்ந்தால் பின்னால் கடல்தான். ஊரையே திரட்டினாலும் அந்த எண்ணில் பாதிக்கும் இடம் போதாது.

அதுவரை பேசாமலிருந்த கலாசிப் பெரியவர் தம் டம்ளரைக் கீழே வைத்தார். முருகன் கோயில் பங்குனி உத்திர வசூலில் பல ஆண்டு பழக்கமுள்ளவர் அவர்.

"நாங்க உத்திரத்துக்குக் காசு பிரிக்கிறோம். பத்து ரூபா குடுத்தவனும் இருப்பான், பத்தாயிரம் குடுத்தவனும் இருப்பான். காவடி எறங்கின மறுவாரம் நோட்டீசு அடிச்சுச் செவத்துல ஒட்டிருவோம். பந்தலுக்கு இவ்வளவு, பூவுக்கு இவ்வளவு, மேளத்துக்கு இவ்வளவு, மிச்சம் இவ்வளவு. பத்து ரூபா குடுத்தவன்தான் மூக்குக் கண்ணாடி போட்டுக்கிட்டு மொதல்ல வந்து படிப்பான். பூவுக்கு எதுக்குய்யா இவ்வளவுன்னு கேப்பான். கேட்டா எரிச்சலாத்தான் இருக்கும். ஆனா கேக்குற ஆளு இருக்கிற வரைக்கும் திருவிழா நிக்காது." சற்று நிறுத்தினார். "உங்க பந்துக் கழகத்துக்கு நோட்டீசு எந்தச் செவத்துல ஒட்டுவாங்க?"

சென்னை சிட்டியைப் பற்றி நான் படித்த செய்திகளும் கட்டுரைகளும் பல. அந்தக் கேள்விக்கு இணையானதை அவற்றில் ஒன்றிலும் நான் கண்டதில்லை.

*

கம்பி வந்தது

இதன் பிறகு காரியங்கள் விரைவாக நடந்தன. கோப்பையைத் தூக்கிய குழு ஒவ்வொருவராகக் கலைந்தது. சென்னைப் பையனான எட்வின் சிட்னி வான்ஸ்பால் ஏற்கெனவே புது வாசலுக்குள், சென்னையின் எஃப்.சி.க்குப் போயிருந்தார். 2020 ஜனவரியில், ஐ-லீக் பட்டத்தின் பயனாகக் கிடைத்த ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில், பஹ்ரைனின் ரிஃபா கழகத்திடம் சென்னை சிட்டி 0-1 என்று தோற்றது. கிட்டத்தட்ட அதே சமயத்தில் மான்சி ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டாவுக்குக் கிளம்பிவிட்டார். மார்ச் மாதத்தில் ஏ.எஃப்.சி. கோப்பைப் போட்டியில் மாலத்தீவின் மாசியாவுடன் ஆடிய ஆட்டம் 2-2 என்று முடிந்தது. தன் வீட்டு ஆட்டமாக அதை ஆடவேண்டிய கழகம், கோவையை விட்டு அகமதாபாத்தில் போய் அதை ஆடிற்று. சில நாட்களில் பெருந்தொற்று வந்து எல்லா மைதானங்களின் கதவையும் சாத்தியது.

2020 ஆகஸ்ட் 10-ஆம் தேதி, சென்னையிலிருந்து எங்கள் தீவுகளுக்குக் கடலடியில் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளத்துக்கு இழுக்கப்பட்ட கண்ணாடி இழைக் கம்பி திறந்து வைக்கப்பட்டது. டீக்கடைக் கைப்பேசியில் வட்டம் சுற்றுவது நின்றது. உலகத்தின் எந்த மூலையில் பந்து உருண்டாலும், இடையில் அறாமல், கற்பனைக்கு இடமில்லாமல், தெள்ளத் தெளிவாகக் காணலாம் என்ற நாள் வந்தது.

கம்பி வந்த அடுத்த ஜனவரியில் தொடங்கிய 2020-21 ஐ-லீக் பருவம் முழுவதும் பெருந்தொற்று நிமித்தமாக வங்காளத்திலேயே நடத்தப்பட்டது. ஒரு துளி தடங்கலும் இன்றி நாங்கள் பார்த்தோம். இரண்டு ஆண்டுக்கு முன் இந்தியாவை வென்ற கழகம், முதற்கட்ட முடிவில், பட்டத்துக்குப் போட்டியிடும் குழுவில் இடம் பெறாமல், கீழிறக்கத்தைத் தவிர்க்கப் போராடும் குழுவில் வைக்கப்பட்டது. கோயம்புத்தூர் இளைஞன் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தான். பெஞ்சில் அவன் இடம் காலியாக இருந்தது.

அதற்குப் பிறகு, 2021-22 பருவத்துக்கான கழகங்களின் பட்டியல் வெளியாயிற்று. அதில் புதுப் பெயர்கள் இருந்தன. மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் அதை நாங்கள் படித்தோம். சென்னை சிட்டி என்ற பெயர் எங்கும் இல்லை.

அதைக் கீழே தள்ளியது மைதானத்துப் பட்டியலன்று. உரிமம் என்ற ஒரு தாள். வரவு, செலவு, பாக்கி, சம்பளம், மைதானம், இளையோர் பயிற்சி என்று கட்டம் கட்டமாகப் பூர்த்தி செய்யவேண்டிய அந்தத் தாளில், 2019ல் இந்தியாவுக்கே தலைவனாக இருந்த கழகம் ஏன் தேறவில்லை? அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வரி வரியாகப் படித்துப் பார்க்கும் பாத்தியதை, கோவையின் படிக்கட்டுகளில் தொண்டை வறளக் கத்திய ஒருவனுக்கேனும் இருந்ததா?

(தொடரும்)